லைன் கிளியர்

சின்னதுரையின் மேசைப் போன் வாயை மூடிக்கொண்ட அன்று கன்ட்ரோல் ரூமில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஸ்கிராப் இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலை ஒன்றில் நடந்தது இது. போன் அடித்தால் பயப்படுகிற காலம் போய், அடிக்காததற்கு இனிப்பு வாங்குகிற காலம் வந்துவிட்டது. உமைராவும் ஒரு லட்டு தின்றாள். போனை நிறுத்தியவளே அவள்தான்.

அந்த ஆலையின் மின்சாரத்தைக் கொஞ்ச காலமாக ஒரு ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறது. ஏஜென்ட் என்றால் கையில் பையோடு வாசலில் நிற்கும் ஆள் இல்லை, ஏஐ. பில் ஏறும் நேரத்தில் எந்த மோட்டாரை நிறுத்துவது, உலை சூடேறினால் எந்தத் தண்ணீர்ப் பம்பை ஓட்டுவது என்பதெல்லாம் அதன் பாடு. அதற்குக் கை கால் கிடையாது, கருவிகள் உண்டு. ‘ஃபீடரை ஆன் செய்’ என்று ஒரு கருவி, ‘சூடு எவ்வளவு என்று பார்’ என்று ஒரு கருவி. ஃபீடர் என்பது ஆலையின் ஒரு பக்கத்துக்குக் கரன்ட் கொண்டுபோகிற லைன். ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில், அது என்ன செய்யும், எப்போது எடுக்கலாம், எப்போது தொடவே கூடாது என்று நாலு வரி எழுதி வைத்திருப்பார்கள். ஏஜென்ட்டுக்குத் தெரிந்த ஆலை அந்த வரிகள்தான். அதற்கு மேல் அங்கே வெயில் அடிக்கிறதா, மனிதர்களுக்கு வியர்த்துக் கொட்டுகிறதா என்பது அதற்கு எட்டாத சங்கதி.

அந்த வரிகளை எழுதுவது உமைராவின் வேலை. பழவேற்காட்டுப் பெண். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில். கருவாடு, இறால் என்று மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பத்தில், கணக்குக்குப் பதிலாக வார்த்தையை எடை போடப் பழகியவள் அவள் ஒருத்திதான். குழப்பமாக எழுதினால் அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ‘கடை இன்று விடுமுறை’ என்று ஒரு போர்டு ஒரு வாரமாகத் தொங்கினால், ஷட்டரைத் தட்டி, “இன்னிக்கின்னா என்னிக்கி பாய்?” என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையை அச்சடித்த பிறகே அவள் கண்ணில் காட்டுவார்கள். அதற்கு முன் காட்டினால் கல்யாணம் தள்ளிப்போகும்.

அவளை ஆலைக்கு அனுப்பியவர் மணவாளன். ஆலைக்கு ஏஜென்ட்டை விற்ற சின்னக் கம்பெனிக்கு அவர்தான் எல்லாம்; கடம்பத்தூரிலிருந்து காரில் வந்து போகிறவர். கெட்டவர் இல்லை. யாருடைய முகம் சுளித்தாலும் தாங்கமாட்டார், அவ்வளவுதான். அப்போது முகம் சுளித்துக்கொண்டிருந்தவர் ஆலையின் ஜெனரல் மேனேஜர். காரணம் அந்தப் போன்.

ஏதாவது ஒரு ஃபீடருக்குக் கரன்ட் விடுவதற்கு முன்னால் ஏஜென்ட் ஒவ்வொரு தடவையும் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டது. ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில், “ஐயா, நான்காவது ஃபீடரை இயக்கலாமா? அங்கே யாரேனும் பணியில் உள்ளார்களா?” என்று கேட்கும். ஆபரேட்டர் சின்னதுரை, “வுடு, வுடு, எவனும் இல்ல” என்பான். சில சமயம், “இரு, ஆளு கீறான்” என்பான். ஷிப்ட் முழுக்க இதே வேலை.

“ஒரே பேஜாருமா. நாஷ்டா துன்ன வுடாது, பாத்ரூம் போவ வுடாது” என்று உமைராவிடம் அழாத குறையாகச் சொன்னான். “பொண்டாட்டி கூட இத்தன தபா போன் பண்ண மாட்டா.”

ஏன் இப்படிக் கேட்கிறது என்று உமைரா அதன் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ‘லைன் கிளியர் பார்’ என்ற கருவிக்குப் பக்கத்தில் மணவாளன் அவசரத்தில் எழுதியது ஒரே வரி: ‘லைன் கிளியர் நிலை: ஆம் அல்லது இல்லை.’ பாவம், ஏஜென்ட் திணறியிருக்கிறது. லைன் கிளியர் ‘ஆம்’ என்றால் லைன் காலியாக இருக்கிறது, கரன்ட் விடலாம் என்றா? இல்லை, வேறு ஏதாவதா? தெளிவாக இல்லாததால் மனிதரைக் கேட்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் எழுதி வைத்திருந்தது.

அவள் அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆஷிக் அதே ஆலையில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உம்மாவுக்கு அவன் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால்தான் சோறு இறங்கும். உமைராவுக்கும் அந்தப் பயம் உண்டு. வெளியே காட்டமாட்டாள், அவனைத் திட்டிச் சமாளித்துவிடுவாள்.

“லைன் கிளியர்னா இன்னாடா?”

“எல்.சி.யா? அதுதான் லாத்தா எங்களுக்கு உசுரு” என்றான் ஆஷிக். அக்காவுக்குத் தெரியாதது தனக்குத் தெரிகிறது என்ற குஷியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். “லைன்ல வேல செய்யணும்னா மொதல்ல எல்.சி. வாங்கணும். எல்.சி. கொட்த்துட்டா லைன் செத்துடும். அப்புறம்தான் கை வெப்போம். வேல முடிஞ்சதும் எல்.சி. ரிட்டன். அதுக்கப்புறம்தான் கரன்ட் வுடுவாங்க.”

“அப்போ லைன் கிளியர் இருக்குன்னா ஆள் இருக்கான்னு அர்த்தம்.”

“ஆமா.”

“ரயில்ல நேர் எதிர்டா. கவரைப்பேட்டையில லைன் கிளியர் கெடச்சாத்தான் வண்டி கெளம்பும்.”

“அது ரயிலு. இது கரன்ட்டு.”

ஏஜென்ட் ரயில்காரர்களின் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு ஒரு தடவை கேட்காமல் விட்டிருந்தால்? ஆள் இருக்கிற லைனாகப் பார்த்துப் பார்த்துக் கரன்ட் விட்டிருக்குமே. அதில் ஒரு லைனில் இவன் நின்றிருப்பானே. அந்த ஒரு வரியில் தம்பியின் உயிர் இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதனால் விடாமல் கேட்டாள்.

“எல்.சி. இல்லாம யாராச்சும் லைன்ல கை வெப்பாங்களாடா? ஒருத்தராச்சும்?”

“இன்னா லாத்தா இப்டி கேக்கற? எல்.சி. இல்லாம எவன் கை வெப்பான்? சாவறதுக்கா?”

அவன் பொய் சொல்லவில்லை. இதை நான் அடித்துச் சொல்வேன். அவன் மனதறிந்து ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

மறுநாள் உமைரா எழுதினாள். எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். கடைசியில் நின்றது இது:

‘லைன் கிளியர்: ஒரு ஃபீடரில் ஆள் வேலை செய்கிறாரா என்று சொல்லும் கருவி. “ஆம்” என்றால் அங்கே ஆள் வேலை செய்கிறார். எந்தக் காரணத்துக்காகவும் மின்சாரம் விடக் கூடாது. “இல்லை” என்றால் அங்கே ஆள் யாரும் இல்லை. தேவைப்பட்டால் மின்சாரம் விடலாம்.’

மணவாளன் வாசித்துப் பார்த்து, “இதுதான்மா எழுத்து” என்றார். “கடைசில ‘யாரையும் கேட்கத் தேவையில்லை’ன்னு ஒரு வார்த்தை சேர்த்துடு. ஜி.எம். சந்தோஷப்படுவாரு.”

சேர்த்தாள். சேர்க்காமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. ஆலையின் எலக்ட்ரிக்கல் ஆட்களுக்கும் வாசித்துக் காட்டினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ‘கரெக்டு மேடம், எல்.சி.ன்னா அதுதான்’ என்றார்கள். ஏஜென்ட்டுக்கும் அது பிடித்துப் போனது என்றுதான் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து அது திணறவில்லை, கேட்கவில்லை. போன் செத்துப்போனது போலக் கிடந்தது. லட்டு வந்தது.

போன் நின்ற பிறகு கன்ட்ரோல் ரூம் வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்னெல்லாம் சின்னதுரைக்கு ஆலை முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருக்கும். எவன் எங்கே குனிந்திருக்கிறான், எவன் எந்தப் பேனலைத் திறந்து வைத்திருக்கிறான் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வான். கேட்க ஆள் இருந்ததால் பதில் தயாராக வைத்திருந்தான். இப்போது கேட்பார் இல்லை. ஏசி குளிரில் சுகமாகச் சாய்ந்து, திரையில் பச்சையும் சிவப்பும் தானாக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ நமக்குத் தெரியாமல் வீட்டுக்குள் நடமாடி விளக்கைப் போட்டு அணைப்பது போல இருந்தது அது. ஆரம்பத்தில் அவனுக்கும் அது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பழகிவிட்டது. எதற்குத்தான் மனிதன் பழகவில்லை?

இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். ஏஜென்ட் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து எழுத உமைரா மத்தியானமாக ஆலைக்கு வந்தாள். வெளியே வெயிலில் ஸ்கிராப் மலை தகதகத்தது. கன்ட்ரோல் ரூமில் சின்னதுரை மட்டும் இருந்தான். அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “குந்துமா. இங்க இப்ப வேலையே இல்ல. அல்லாம் அதுவே பாத்துக்குது” என்றான்.

இன்டர்காம் கிர்ரென்றது. எதிர்முனையில் ஆஷிக்கின் குரல்.

“துரண்ணே, பம்ப் ஹவுஸ் பேனல்ல ஒயரு மாட்டற லக்கு ஒண்ணு லூஸா கீது. டைட் வெச்சுட்டு வந்துடறேன். நாலாம் நம்பர் கரன்ட்ட எட்த்து வுடு.”

சின்னதுரை மவுஸை நகர்த்தி ஒரு தட்டுத் தட்டினான். திரையில் நான்காவது ஃபீடர் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. பச்சை என்றால் செத்த லைன். “எட்த்தாச்சு ஆஷிக்கு, போ.”

உமைராவுக்குத் தம்பியின் குரலைக் கேட்டதில் ஒரு சின்னப் பெருமை. “எல்.சி. போடலையா?” என்று சும்மாதான் கேட்டாள்.

“அதான் கொட்த்தேனே.”

“திரையில லைன் கிளியர் ‘இல்லை’ன்னுதானே இருக்கு?”

“அதுல போடணும்னா ஷிப்ட் இன்ஜினியர் வந்து பாஸ்வேர்டு போடணும்மா. அவர தேடிப் புடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சுடும். லக்கு டைட் வெக்க அதெல்லாம் பாத்தா ஆவுமா? இது வாய் எல்.சி.”

“இன்னாது?”

“வாய் எல்.சி.மா. அவன் வாயால கேட்டான், நான் வாயால கொட்த்தேன். முடிஞ்சா, முடிஞ்சிச்சின்னு சொல்லுவான். சின்ன வேலைக்கெல்லாம் காலம்காலமா இப்டித்தான். இதுவும் எல்.சி.தான?”

எல்.சி. இல்லாமல் எவன் கை வைப்பான் என்று ஆஷிக் சொன்னது அவள் காதுக்குள் மறுபடி ஒலித்தது. அவன் சொன்னதில் இதுவும் அடக்கம். அவன் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றே நினைத்திருக்கமாட்டான். அவனுக்கு இரண்டும் ஒரே வார்த்தை. தலையாட்டினார்களே, அத்தனை பேருக்கும் அப்படித்தான்.

“அது ஏஜென்ட்டுக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

“அது என்னக் கேக்குமேமா. நானு ‘இரு, ஆளு கீறான்’னு...”

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். அவன் பார்வை மேசைப் போனுக்குப் போனது. உமைராவும் அதைத்தான் பார்த்தாள்.

திரையின் மூலையில் உலையின் தண்ணீர்ச் சூடு மஞ்சளாகி, ஆரஞ்சாகிக்கொண்டிருந்தது. பம்பை நிறுத்தினால் ஏறத்தானே செய்யும். கீழே, ஏஜென்ட் தான் செய்வதை எழுதும் கட்டத்தில் எழுத்துகள் ஓடி வந்தன.

‘உலை நீர் சூடாகிறது. பம்ப் தேவை. நான்காவது ஃபீடர் நிறுத்தப்பட்டுள்ளது. லைன் கிளியர்: இல்லை. அங்கே ஆள் யாரும் இல்லை. யாரையும் கேட்கத் தேவையில்லை. மின்சாரம் விடுகிறேன்.’

அவளுடைய வாக்கியம். அவள் வைத்த நிறுத்தற்குறி கூட மாறவில்லை.

“நிறுத்துங்க! நிறுத்துங்க அண்ணா!”

சின்னதுரை மவுஸின் மேல் விழுந்தான். பச்சை சிவப்பானது. அவன் தட்டினான். சிவப்பு மறுபடி பச்சையானது. நடுவில் எவ்வளவு நேரம் போயிருக்கும்? ஒரு மூச்சு இருக்கும். இன்டர்காமை எடுத்து, “ஆஷிக்கு! டேய் ஆஷிக்கு!” என்று கத்தினான். பதில் இல்லை. உமைரா அதற்குள் படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். ஸ்கிராப் யார்டைச் சுற்றிக்கொண்டு பம்ப் ஹவுஸ் வரை ஓடினாள். தெரிந்த துஆ ஒன்றுகூட அவள் வாயில் முழுதாக வரவில்லை. தூரத்திலேயே பம்ப் ஹவுஸ் வாசலில் ஆட்கள் கூடுவது தெரிந்தது. கருகிய ரப்பர் நாற்றம். ரப்பர் மட்டும்தான் என்று அவள் நம்பப் பார்த்தாள்.

ஆஷிக் பிழைத்தான். வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இடது கையில் விரல்கள் இருக்கின்றன, அவை கேட்டதைச் செய்யுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். உம்மா வார்டு வராந்தாவில் உட்கார்ந்து, அவன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். யார் கேட்டும் அதைக் கொடுக்கவில்லை.

ஆலையில் விசாரணை நடந்தது. ஜி.எம்., பாதுகாப்பு அதிகாரி, மணவாளன் எல்லோரும் உட்கார்ந்தார்கள். திரையில் அந்தக் கருவியின் வரிகளைப் பெரிதாகப் போட்டார்கள். ஒருவர் வாசித்தார். ஆள் இருந்தால் ‘ஆம்’. ஆள் இல்லாவிட்டால் ‘இல்லை’. அன்று என்ன இருந்தது? ‘இல்லை’. ஏஜென்ட் சொன்னபடி நடந்திருக்கிறது. யார் சொன்னபடி நடக்கவில்லை? முறைப்படி லைன் கிளியர் பதியாமல் பேனலைத் திறந்த கான்ட்ராக்ட் தொழிலாளி ஆஷிக். வாய்மொழியாக அனுமதித்த ஆபரேட்டர் சின்னதுரை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சின்னதுரையை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஷிக்கின் மேல் தவறு என்று எழுதி முடித்தார்கள்.

மணவாளன் வெளியே வந்ததும் உமைராவைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் இருந்தது.

“தம்பிக்கு இப்படி ஆனதுலேர்ந்து எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லமா. ஆனா ஒண்ணு சொல்றேன். உன் எழுத்து மட்டும் அவ்வளவு தெளிவா இல்லன்னா நாம மாட்டியிருப்போம். அதுதான் கம்பெனிய காப்பாத்திச்சு.”

அவளுக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அறைந்திருக்கலாம். அதற்குப் பதில், காலையில் எழுதி வைத்திருந்த ஒரு வரியை அவரிடம் காட்டினாள். ‘“இல்லை” என்றால் கணினியில் பதியவில்லை என்று மட்டுமே பொருள். ஆள் இருக்கலாம். கன்ட்ரோல் ரூமைக் கேள்.’

அவர் அதை இரண்டு முறை வாசித்தார். “மறுபடியும் போன் அடிக்க ஆரம்பிச்சிடுமே” என்றார். பிறகு தணிந்த குரலில், “இப்ப மாத்தினா, முன்னாடி இருந்தது தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா. கொஞ்ச நாள் போகட்டும். அதுவுமில்லாம, அதே வரிய கவரைப்பேட்டை கம்பெனிக்கும் திருவள்ளூர் பக்கம் ரெண்டு ஆலைக்கும் குடுத்தாச்சு. எல்லாருக்கும் திருப்தி. அங்க ஒரு போன் கூட வர்றதில்லையாம்” என்றார்.

அந்த ஆலைகளிலும் லக்கு லூஸாகும். அங்கேயும் துரண்ணன்கள் இருப்பார்கள். உமைரா அந்த மூன்று இடங்களுக்கும் தானே போன் செய்து சொன்னாள். மூன்று இடத்திலும் மரியாதையாகப் பேசினார்கள். உங்கள் கம்பெனியிலிருந்து எழுத்துப்பூர்வமாக வரட்டும் மேடம், வாய்வார்த்தையை வைத்து எதையும் மாற்ற முடியாது என்றார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆஷிக் விழித்திருந்தான். கட்டுப் போட்ட கைகள் இரண்டும் தலையணை மேல் கிடந்தன. உம்மா முகம் கழுவப் போயிருந்தாள்.

“என் மேலதான் தப்புன்னு எழுதிட்டாங்களாமே லாத்தா.”

“ஆமா.”

“நீ இன்னா எழுதியிருந்தே? காட்டு.”

அவள் வேண்டாம் என்றாள். அவன் விடவில்லை. சின்ன வயதில் மிட்டாய்க்கு அடம் பிடித்த அதே பிடிவாதம். போனில் அதைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் உதடு அசைய மெதுவாக வாசித்தான். முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்துவிட்டு, மறுபடி மேலே போகச் சொல்லி இன்னொரு தடவை வாசித்தான்.

“கரெக்டாத்தான் எழுதிக்கீற” என்றான். அதில் குத்தல் இல்லை. தேடிக் கிடைக்காத பொருளைக் கேட்கிற மாதிரிதான் அடுத்ததைக் கேட்டான். “இதுல நான் எங்க கீறேன் லாத்தா?”

உமைரா திரையின் மேல் விரலை நகர்த்தி, ‘ஆள் யாரும் இல்லை’ என்ற இடத்தில் வைத்தாள்.

“இங்க” என்றாள்.